ஆறாவது குரல்

“எத்தனை பேரு பதில் சொன்னாங்க?”

மேஸ்திரி வைத்தியலிங்கம் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் இரண்டு காதாலும் கேட்டது இது.

மன்னார்குடிப் பக்கத்து வயலை விட்டுவிட்டு, என் அண்ணன் பிரபு இமயமலையில் ரோடு போடும் வேலைக்குப் போனான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த என்னையும் சமைக்க அழைத்துப் போனான். மரமே இல்லாத பள்ளத்தாக்கு. ஒரு தகரக் கொட்டகை. அண்ணன், மேஸ்திரி, சைபுல்லா என்று மொத்தம் ஐந்து ஆட்கள், சமைக்க நான் ஒருத்தி. மூன்று மணிக்கெல்லாம் மலை நிழல் விழுந்து குளிர் கடிக்கும்.

“ஊர்லதான் வாயில கொழுக்கட்டை. இங்கயாவது சோறு ஆனா சத்தமா கூப்பிடு” என்று அண்ணன் கேலி செய்தான்.

எங்கள் ஊரில் நடவு ஆட்களைச் சோற்றுக்குக் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் ஒரு ‘ஓ’ கொடுப்பார்கள். எத்தனை ஓ, அத்தனை தட்டு. இங்கும் அப்படியே செய்தேன். தினமும் அவர்கள் ரோடு போடும் மேல் வளைவைப் பார்த்துக் கூப்பிடுவேன். ஐந்து ஓ வரும். ஐந்து தட்டு வைப்பேன்.

நாற்பத்திரண்டாம் நாள். காலையிலிருந்தே மேலே கல் உருளும் சத்தம். அண்ணன் நல்லபடியாக இறங்கி வர வேண்டுமே என்று அடிக்கடி வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக 3.10. கூப்பிட்டேன்.

ஓ... ஓ... ஓ... ஓ... ஓ...

ஐந்து. அப்பாடா.

திரும்பினேன்.

ஓ...

அண்ணன் குரல். மேலேயிருந்து அல்ல... கொட்டகைக்குப் பின்னாலிருந்து.

ஓடிப் பார்த்தேன்.

பனி. அதில் ஒரு காலடித் தடம் கூட இல்லை.

3.50. நான்கு பேர் வந்தார்கள். கையெல்லாம் மண்.

“பாப்பா... ரெண்டரைக்கு மலை சரிஞ்சிடுச்சு” என்றார் மேஸ்திரி. “தோண்டி எடுத்தோம். பிரபுவுக்கு மூச்சு இல்ல.”

“இல்லண்ணே. மூணு பத்துக்கு ஓ கொடுத்தானே.”

“வளைவுக்கு உன் குரல் கேக்கவே கேக்காது பாப்பா. நிழலைப் பார்த்துத்தான் நாங்க தினம் இறங்குறோம்.”

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“தினம் அஞ்சு... இன்னைக்கு ஆறு.”

அவர் தகரத்தில் சாய்ந்துகொண்டார். மெல்லச் சொன்னார். போன வருடம் இதே வளைவில் மண்ணுக்குள் போனவர்கள் ஐந்து பேர். அந்தக் குழுவில் தப்பியவர் சைபுல்லா மட்டும்.

சைபுல்லா அங்கேதான் நின்றிருந்தார். தன் கம்பளியை எடுத்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கீழே போகும் ரோட்டில் இறங்கி நடந்தார்.