அவளுக்குப் போட்ட இலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாய் நாட்டில், நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள் எல்லாரும். தண்டவாளத்தையும் பட்டறைப் புகையையும் தவிர வேறு என்னத்தைக் கண்டோம்? கிள்ளானுக்கு அப்பால் மோரிப் கடற்கரைக்கு லோரியில் கூட்டிப்போகிறோம் என்று வாத்தியார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

சாப்பாட்டுப் பொறுப்பை என் சிநேகிதியின் அம்மா ஏற்றுக்கொண்டார். பக்கத்து வீடு, உறவு இல்லாவிட்டாலும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புருஷனை இழந்தவர். இருந்தது அந்த ஒரு மகள்தான். எங்கள் ரயில்வே குவாட்டர்ஸில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அத்தையின் கைச்சமையல்தான்.

"தயிர்ச்சோறு வேணாங்கய்யா, இந்த வெயிலுக்குப் புளிச்சுப்போயி புள்ளைங்க வயித்தக் கெடுத்துடும். புளிச்சோறுதான் தாங்கும்" என்று வாத்தியாரிடம் அடித்துச் சொல்லிவிட்டார். கண்ட கிணற்றுத் தண்ணீரையும் குடிக்கக் கூடாதாம். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பெரிய தவலையில் ஊற்றி லோரியில் ஏற்றினார். அத்தை கூட வருகிறார் என்பதால்தான் எங்கள் வீடுகளில் நம்பி அனுப்பினார்கள்.

லோரி புறப்படும் முன்பு வாத்தியார் விரலை நீட்டி எங்களை எண்ண ஆரம்பித்தார். அத்தை பதறிப்போய் அவர் கையைத் தடுத்தார்.

"பச்சப் புள்ளைங்கள இப்படி எண்ணாதீங்கய்யா, கண்ணு பட்டுடும். தலைக்கு ஒண்ணுன்னு எல அறுத்து வச்சிருக்கேன். சாப்பிட உக்காரும்போது எல நெறஞ்சிருந்தா எல்லாப் புள்ளையும் இருக்குன்னு அர்த்தம்."

வாத்தியாருக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் பக்கத்தில் யார்தான் பிள்ளைகளைத் தலை எண்ணுவார்கள்? என் அம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால்கூட, ஏதோ இருக்குதுங்க என்றுதான் சொல்லுவார்.

மோரிப்பில் இறங்கியபோது கடலையே காணோம்! தண்ணீர் வற்றி எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணலும் சேறும்தான். இதில் என்ன ஆபத்து என்று பெரியவர்களும் நினைத்தார்கள், பாவம். நாங்கள் ஆசைதீர ஓடினோம். தூரத்தில் மேடாக ஒரு மணல்திட்டு இருந்தது. நானும் சிநேகிதியும் அங்கே போய்க் கிளிஞ்சல் பொறுக்கினோம். அவளுக்குச் சிவப்புப் பாவாடை. அதை மடித்து மடி நிறையச் சேர்த்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கோலத்தைச் சுற்றி வைக்க வேண்டுமாம்.

வாத்தியார் ஊதல் ஊதினார். சாப்பாட்டு நேரம். இருவரும் கைகோத்து ஓடிவந்தோம். சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தாள், ஓடிய ஓட்டத்தில் மடியிலிருந்து பாதிக் கிளிஞ்சல் கொட்டிப்போயிருந்தது.

"நீ போயி என் எலைக்குப் பக்கத்துல உக்காருடி. இந்தா வந்துடறேன்."

மணல்திட்டுப் பக்கமே திரும்பி ஓடினாள். நான் அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மரத்தடியில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து பக்கத்து இலையைக் கையால் மறித்து வைத்துக்கொண்டேன். அத்தை புளிச்சோறும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டே வந்தார். அந்த இலையிலும் வைத்தார்.

"அத்தை, அவ இன்னும் வரல" என்றேன்.

"அவளுக்கென்ன அவசரம்? லோரிகிட்ட இருப்பா. என்கூடக் கடைசியில சாப்பிடுவா. பரிமாறுறவ தன் புள்ளைய மொதப் பந்தியில உக்கார வச்சா ஊரு சிரிக்காதா?"

"இல்லத்தை, கிளிஞ்சல் பொறுக்கப் போனா."

"வருவாடி, நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த லோரி டிரைவரைக் கூப்பிட்டார். "தம்பி, சோறு போட்ட எல காலியா கெடக்கக் கூடாது. வந்து உக்காருங்க." அவர் கூச்சத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வாத்தியார், "எல நெறஞ்சிருச்சாம்மா?" என்று குரல் கொடுத்தார்.

"நெறஞ்சிருச்சுங்கய்யா" என்றார் அத்தை.

நாங்கள் பாதி சாப்பிட்டிருப்போம். வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர், "ஆயேர் பசாங்! ஆயேர் பசாங்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். எல்லாரும் கடலைப் பார்த்தோம். அந்தக் கடல் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் சத்தமில்லாமல் முதலில் நிரம்பிவிடும். திட்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும்போது வழி இருக்காது. பட்டறை வாசிகளான எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

பள்ளத்துத் தண்ணீரில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

டிரைவர் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். மலாய்க்காரர் படகைத் தள்ளினார். வாத்தியார் வேட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். நாங்கள் ஓவென்று அழுதோம். அவளைக் கொண்டுவந்து மணலில் கிடத்தி, என்னென்னவோ செய்து பார்த்தார்கள். உயிர் இல்லை. பாவாடை மடி மட்டும் இறுக்கிச் செருகியபடியே இருந்தது.

அத்தை முதலில் அழவே இல்லை. நேராகச் சோற்றுப் பாத்திரத்தின் பக்கம் போனார். அடியில் தனக்கும் மகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தார். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

"ஊருப் புள்ளைக்கெல்லாம் போட்டேனே! எம்புள்ள பசியோட போயிருச்சே!"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போய்வந்துவிட்டேன். அந்தக் குரலை வேறெங்கும் நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் அந்த டிரைவர் வந்திருந்தார். வாசல்படி தாண்டவில்லை. அவள் சோற்றைத் தின்றுவிட்டோமே என்று மனிதர் உருகிப்போயிருந்தார். அத்தையே எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். "கூப்பிட்டு உக்கார வச்சவ நான். ஒம்மேல என்னப்பா குத்தம்? சாப்பிடு. நீ சாப்பிட்டா அவ வயிறு நெறஞ்ச மாதிரி" என்றார். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அத்தை விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வாத்தியார் எங்களை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு மட்டும், ஊரார் வற்புறுத்தியதால் ஒத்துக்கொண்டார். லோரியில் ஏறி உட்கார்ந்திருந்தோம். எங்கிருந்தோ அத்தை வந்து பின்பக்கமாக ஏறினார். முதல் பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

"ஒண்ணு."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்ணக் கூடாது என்று வாத்தியாரின் கையைத் தடுத்தவர், ஒவ்வொரு தலையாக அழுத்தித் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில் உட்கார்ந்திருந்தவள் நான். என் தலையைத் தொட்டு எண்ணி முடித்த பிறகும் அவர் கை கீழே இறங்கவில்லை. என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு மேலேயே நின்றது.

"அவ்வளவுதானா?" என்று என்னைக் கேட்டார்.

நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது எனக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் வீடு இரண்டுபடும். இலை போடும் முன்பு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுகிறேன். "கண்ணு படும் அத்தை" என்று என் மருமகள் என்னிடம் சிணுங்குகிறாள். பட்டால் படட்டும், மிளகாய் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எண்ணி முடித்த பிறகு என் கையும் ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது.