கண்மாய்க்கரை வரை கேட்ட பேச்சு

அக்காவுக்குச் சடங்கு வைத்தபோது நான் ஏழாம் வகுப்பு. திருச்சுழியில் நடந்த பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய திமிரில் இருந்தேன். வீட்டிலோ, தாய்மாமன் மாலை போடாமல் என்ன சடங்கு என்று அம்மா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

மாமாவை ஊர் தள்ளிவைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண்மாய் மீன் ஏலத்தை வருஷா வருஷம் தலைவர் வீட்டுக்கே விடுவது என்ன நியாயம் என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். சபையில் விழுந்து கும்பிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வது வழக்கம். மாமா விழவில்லை. புனேக்குப் போய் முறுக்குச் சுட்டு, இப்போது அங்கே சொந்தமாக இனிப்புக் கடைகள் வைத்திருந்தார். ஆனால் அவர் எங்கள் வாசலை மிதித்தால் ஊரில் ஒருவரும் பந்தியில் உட்கார மாட்டார்கள்.

சடங்கன்று மாமாவின் கார் ஊர் எல்லையான கண்மாய்க்கரையிலேயே நின்றுவிட்டது. சீர்த்தட்டுகள் மட்டும் வந்தன. பட்டுச்சேலையைத் தடவிப் பார்த்தவர்களும் புனே இனிப்பைத் தின்றவர்களும் ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் அனுப்பிய மாலையை, தூரத்து முறையில் மாமா ஆகிற ஒருவர் அக்காவுக்குப் போட்டார்.

பந்திக்கு முன்னால் ஊர்த்தலைவர், "ஏ புள்ள, பரிசு வாங்குன பேச்சப் பேசு, கேப்போம்" என்று மைக்கை நீட்டினார். சார் சொல்லிக்கொடுத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அயர்லாந்தில் இங்கிலாந்து ராணியின் ஆட்சியை எதிர்த்தவர்களைக் கப்பலேற்றி உலகத்தின் அந்தக் கோடிக்கு விரட்டியது, சிலர் அங்கிருந்து தப்பியது, அப்படி நாட்டைவிட்டுப் போனவர்களில் ஒருவர் அமெரிக்காவில் தளபதியானது, இன்னொருவர் கனடாவில் மந்திரியானது எல்லாம் சொல்லி, "விரட்டியவர்கள் தோற்றார்கள், விரட்டப்பட்டவர்கள் வென்றார்கள்" என்று கையை உயர்த்தி முடித்தேன். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கண்மாய்வரை கேட்கும். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் தலைவர்தான். எனக்கு ஒரு துண்டும் போர்த்தினார்.

அம்மா கைதட்டவில்லை. மணையில் இருந்த அக்காவைக் கைப்பிடித்து எழுப்பி, "வாத்தா, மாமாவப் பாத்துட்டு வருவோம்" என்று நடந்தாள்.

"போனா, பந்தியில ஒருத்தரும் உக்கார மாட்டோம்" என்றார் தலைவர்.

"சரிண்ணே" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. துண்டோடு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. போர்த்திய துண்டோடு பின்னாலேயே ஓடினேன்.

கரையில் அம்மா அக்கா கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். அதை அவர் திரும்ப அக்காவுக்குப் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நல்லாப் பேசுனத்தா. அவுகள்ல யாராச்சும் ஊருக்குத் திரும்புனாகளா?" என்று கேட்டார்.

"அத சார் சொல்லித் தரல மாமா."

மாமா சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பரிசு வாங்கியும் பாதிப் பேச்சுத்தான் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் முதல் வேலையாகச் சாரிடம் போய், மிச்சத்தையும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன்.