இசக்கியம்மாள் கோன் ஹை?

சயானில் ஒரு ஆஸ்பத்திரி. பிரஷர் மாத்திரைக்காகக் காத்திருக்கும் கூட்டம். போன செவ்வாய்க்கிழமை, கதவருகே நின்று சிஸ்டர் இந்தியில் கத்தினார்: "இசக்கியம்மாள்... கோன் ஹை?"

யார் என்று கேட்டதற்கு இரண்டு பேர் எழுந்தோம்.

ஆமாம், என் நிஜப் பெயர் அதுதான். பத்திரிகையில் இந்தப் பத்திக்கு மேலே அச்சாகும் நாகரிகமான பெயர் நானே வைத்துக்கொண்டது. இத்தனை நாள் ஏமாற்றியதற்கு மன்னியுங்கள்!

திருநெல்வேலிப் பக்கம் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெண் பிறந்தால் பெயர் தேடும் வேலையே இல்லை. அம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று கரு தங்கவில்லை. நான் தங்கினேன். தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் மட்டும் நாலு இசக்கி. குழாயடியில் யாராவது கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவோம். ஊருக்கெல்லாம் இருக்கும் பெயர் எனக்கெதற்கு என்று எவ்வளவு அழுதிருக்கிறேன்...

இப்போது செம்பூரில் தனியாக இருக்கிறேன். பில்டிங்கில் எல்லோருக்கும் ஆன்ட்டி. வாட்ச்மேனுக்கு வீட்டு நம்பர், 'செவன் நாட் ஃபோர்'. போனில் மகனுக்கு மம்மி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் என் அக்கா. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

வீட்டுக்கு எதிரிலேயே கிளினிக் இருக்கிறது. ஏ.சி. உண்டு, டோக்கன் நம்பர் உண்டு. அதை விட்டுவிட்டு பஸ் பிடித்து சயானுக்கு வந்து மூன்று மணி நேரம் ஏன் உட்கார வேண்டும்? டாக்டர் கெட்டிக்காரர் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். இங்கேதான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் — அதுவும் சத்தமாக.

சிஸ்டர் கையிலிருந்த சீட்டு என்னுடையது. என்னோடு எழுந்த அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், இன்னும் அதே பெஞ்சில் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். மடியில் மாத்திரைப் பை.

"ஒங்கள இன்னும் கூப்பிடலியாக்கா?"

"எனக்குக் காலையிலயே பாத்தாச்சி. பேரு காதுல விழுந்துச்சா... எந்திச்சிட்டேன்."

"வீட்டுக்குப் போவலியா?"

"போயி?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். வடாலாவில் இருக்கிறாராம். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்களாம்.

"மறுபடி எப்ப வருவிய?" என்று கேட்டேன்.

"மாசத்துக்கு ஒருக்கத்தான் தேதி." பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஆனா செவ்வாக்கிழம தோறும் வந்துருவேன்."

என்னிடம் ஒரு மாதத்துக்கு மாத்திரை இருக்கிறது. நாளை செவ்வாய்க்கிழமை.