நோய் வந்தால் சொல்லலாமா?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். படித்து முடித்துக் கோவில்பட்டியில் சும்மா இருந்த எனக்கு ஓர் ஆய்வில் தற்காலிக வேலை கிடைத்தது. கடும் நோயையும் சாவையும் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும்.

முதல் நாள் புதூர் பக்கத்தில் ஒரு கிராமம். வாசலில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த சம்சாரி ஒருவர், அறுபது வயதிருக்கும், வயது, நிலம், பிள்ளைகள் எல்லாம் உற்சாகமாகச் சொன்னார். அடுத்த கேள்வியை வாசித்தேன்: "குணப்படுத்த முடியாத நோய் உங்களுக்கு வந்தால், அதை உங்களிடம் சொல்ல வேண்டுமா?"

வத்தலைக் கிளறிய கை நின்றது.

"ஏட்டி, இங்கன வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "போன வாரம் டாக்டர் என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"வயித்துப்புண்ணு, காரத்தைக் கொறைக்கணும்னாரு. அன்னைக்கே சொன்னேன்லா?"

"பொய் சொல்லாத. நெசத்தைச் சொல்லுததுக்குத்தான் இந்தப் பிள்ளைய அனுப்பியிருக்காவ."

பேச்சை மாற்றலாம் என்று நினைத்து அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனேன். அது, "எங்கே சாக விரும்புகிறீர்கள்?" என்று இருந்தது. மனிதர் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துவிட்டார்.

"நல்லா இருந்த மனுசனைப் படுக்க வச்சிட்டியே!" என்று அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. "அண்ணாச்சி, எந்திரிச்சு வாங்க. அடுத்த வீட்டுலயும் இதையேதான் கேப்பேன், நீங்களே பாருங்க" என்றேன். ஒருவரிடம் கேட்கும்போது வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் பார்த்தால் இவர் எழுந்திருக்க மாட்டார்.

அடுத்த வீட்டில் இருந்தவர் இவருடைய பங்காளி. ஏதோ வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தும் இவர் என்னோடு வந்தார். நான் கேள்வியை வாசித்ததும் பங்காளியின் முகம் வெளிறியது.

"ஏன், எனக்கு என்ன?"

நம்மவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, பயப்படாத! எல்லாருக்கும் இதாம் கேள்வி!"

அப்புறம் இருவரும் உட்கார்ந்து, நோயைச் சொல்லலாமா கூடாதா என்று பொழுது சாயும்வரை வாதாடினார்கள். எனக்கும் காப்பி வந்தது.

இரண்டு படிவங்களும் செல்லாது என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். மறுவாரம் போனபோது அந்த அம்மாவிடம் அதே கேள்வியைத் தனியாகக் கேட்டேன்.

"எனக்கு வந்தா எங்கிட்ட மட்டும் சொல்லச் சொல்லு. அவியகிட்ட மூச்சு விடப்படாது" என்றார். "எனக்கு முந்தி அவிய படுத்துருவாவ. பெறகு அவியளை யாரு பாக்க?"