முத்திரை குத்திய பக்கம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கூடிய எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு, பல ஆண்டுகளாக இழுபட்டு வந்த ஒரு பிரச்சினைக்கு முடிவு கண்டது. தேநீர்ப் பானை இனி மேடைக்கு இடப்பக்கம் அல்ல, வலப்பக்கம் வைக்கப்படும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் சங்கத்தில் எதுவும் ஏகமனதாக நிறைவேறியதில்லை என்பதால் தலைவர் சற்றுக் கலங்கிச் சுற்றும் பார்த்தார். எந்தத் தீர்மானத்துக்கும் கையை உயர்த்தி "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கும் மரியசீலன் அண்ணையின் கதிரை காலியாக இருந்தது. அந்த நேரத்தில்தான் ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து அவருடைய மனைவி பிலோமினா அக்காவின் தொலைபேசி வந்தது. பூசைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்த அண்ணை நிமிரவில்லை.

அண்ணை மன்னாரில் காணிப் பதிவுக் கந்தோரில் இருந்தவர், இங்கே காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்தவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பழைய பேஸ்போல் அட்டைகள் சேர்த்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். பேஸ்போலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை. எங்கள் நகரத்து அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனபோது, மனம் வெறுத்த இரசிகர்கள் தங்கள் அட்டைகளை விற்கத் தொடங்கினார்கள். அண்ணை அப்போதுதான் வாங்கத் தொடங்கினார்.

எல்லா அட்டையும் அல்ல. நூறு வருடங்களுக்கு முன் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டையை அச்சிட்டவர்கள், படம் தங்களுடையது என்று பதிப்புரிமை கோரி ஒரு பிரதியை அரசாங்கக் கந்தோருக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் அதன் பின்பக்கத்தில் முத்திரை குத்தி, பேனாவால் இலக்கம் எழுதி வைப்பார். அப்படிப்பட்ட பிரதிகள் எப்படியோ வெளியே வந்து கைமாறிக்கொண்டிருந்தன. அண்ணைக்கு அவை மட்டும்தான் வேண்டும்.

செயின்ட்-மிஷேல் பகுதியில் பிரெஞ்சு பேசும் ஓர் அட்டை வியாபாரி இருந்தார். கழித்த அட்டைகளைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைப்பார். அண்ணை அதிலிருந்து ஒன்றை எடுத்தபோது வியாபாரிக்கே மனம் கேட்கவில்லை.

"முசியே, அது பழுது. பின்னால் முத்திரை குத்தி நாசமாக்கிப் போட்டார்கள்."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "முத்திரை குத்தினா பழுதாம். இவரை ஒருநாள் எங்கட காணிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

அட்டையின் முன்பக்கத்தில் பெரிய மீசையுடன் ஒருவர் மட்டையைத் தோளில் வைத்தபடி நின்றார். அண்ணை அவரைக் கவனிக்கவே இல்லை. பின்பக்கத்து ஊதா வட்டத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"சரிஞ்சு கிடக்கு, பாத்தியே? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குத்தினது."

"அதெப்பிடி அண்ணை தெரியும்?"

"நானும் அப்பிடித்தான் குத்தினனான்."

அந்த அட்டையை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் கொண்டு திரிந்தார். மற்றவை எல்லாம் அலுமாரியில்தான் இருந்தன. "இந்த மனிசன் எங்கட கலியாணப் படத்தையே திருப்பி வச்சுத்தான் பாக்கிறது" என்று அக்கா முறையிட்டார். "பின்னால ஸ்டூடியோக்காரன்ர முத்திரை இருக்கு, பிலோ" என்றார் அண்ணை. அவர் பகிடி விடவில்லை.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த முத்திரை மெய்யா? தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் அரசாங்கக் கந்தோரில் கேட்டால் சொல்வார்கள். நான் தடுத்தேன்.

"அண்ணை, முத்திரை பொய்யெண்டா இந்த அட்டை உங்களுக்குத் தேவையில்லை. மெய்யெண்டா அட்டை உங்கட இல்லை, அரசாங்கத்தின்ர. பேசாமல் பொக்கெற்றுக்க வச்சிருங்கோ."

ஒரு கிழமை யோசித்தார். "கேளாமல் எப்பிடியடா இருக்கிறது? ஒரு கந்தோர் குத்தினதுக்கு இன்னொரு கந்தோர் பதில் சொல்லத்தான் வேணும்."

அக்கா குறுக்கிட்டார். "தம்பி, இவரோட மினக்கெடாதையும். என்ர அப்பான்ர காணி உறுதிப் பத்திரத்தையே செல்லாதெண்டு திருப்பி அனுப்பின ஆள். அதுக்குப் பிறகும் அப்பா பொம்பிளை குடுத்தவர், அதுதான் அதிசயம்."

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு நாள் நான்தான் காரில் கூட்டிப் போனேன். ஒட்டாவாக் கந்தோரில் கையுறை போட்ட ஓர் அம்மையார் அட்டையை உள்ளே கொண்டு போனார். அண்ணை நாற்காலி நுனியில் இருந்தார். மகளின் பிரசவத்தின்போது மருத்துவமனையில்கூட அவர் சாய்ந்துதான் இருந்தார், நான் பார்த்தேன்.

அம்மையார் திரும்பி வந்து, முத்திரை மெய்யானது என்றார். அண்ணை எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். என்னுடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு, இது எப்படி உங்களிடம் வந்தது என்று அம்மையார் கேட்டார். அண்ணை வியாபாரியின் பெட்டி வரை ஒன்றும் விடாமல் சொன்னார். அப்படியானால் அட்டை இங்கேயே இருக்க வேண்டும் என்றார் அவர்.

"ஓம், அதுதானே முறை" என்று அண்ணை தமிழில் சொன்னார். பிறகு பற்றுச்சீட்டுக் கேட்டார். அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நேராக் குத்தியிருக்கினம்."

திரும்பும் வழியில் நான்தான் கேட்டேன்.

"என்னண்ணை, கவலையோ?"

"கவலைதான்." சட்டைப் பையைத் தடவினார். "ஆனா மெய்யடா. அது மெய்."

அலுமாரியில் இருந்த மற்ற அட்டைகளையும் அவர் அடுத்தடுத்து ஒட்டாவாவுக்குக் கொண்டு போக எண்ணியிருந்தார். அக்கா அலுமாரியைப் பூட்டித் திறப்பை ஒளித்து வைத்ததால் அவை மிஞ்சின. இப்போது மகளிடம் இருக்கின்றன. எனக்கு என்ன வேண்டும் என்று அக்கா கேட்டார். அந்த வெறும் பிளாஸ்டிக் உறையைக் கேட்டு வாங்கினேன். அத்துடன், கையில் எது வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது.

அடக்கத்துக்குப் பிறகு, அந்த முத்திரையைத் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். நாங்கள் இருவரும் ஒட்டாவாவுக்குப் போனோம். அட்டையை முன்மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மீசைக்காரர் மேலே பார்த்தபடி இருக்கிறார், முத்திரை அடியில் இருக்கிறது.