நாச்சிமுத்து கிணற்றுக் கார்னெட்டுகள்

சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவதா, கையில் பிடித்துக்கொண்டு போவதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் தை மாதம் முழுவதும் நிலுவையில் இருந்தது. பைக்குள் வைத்தால் பிடி வெளியே நீட்டிக்கொண்டு துணியைக் கிழிக்கிறது. கையில் பிடித்தால் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகிவிடுகிறது. இரு தரப்பையும் ஆற அமர விசாரித்து, மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கையில்தான் என்று தீர்ப்பானது. ஒரு கிராமத்தின் எதிர்காலம் அதில் அடங்கியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

நான் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவன். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகிறார்கள். நான் கல் பொறுக்கப் போகிறேன். என் அலமாரியில் எல்லாம் சேர்ந்துவிட்டன, ஒரு நல்ல கார்னெட்டைத் தவிர. நகைக்கடையில் கோமேதகம் என்று விற்பது இந்தக் குடும்பத்துக் கல்தான். ஆனால் எனக்குப் பட்டை தீட்டியது வேண்டாம். பூமிக்குள் தானாகவே பன்னிரண்டு முகங்களோடு வளர்ந்தது, ஒவ்வொரு முகமும் சாய்சதுரமாக, மாதுளை நிறத்தில், யாருடைய உளியும் படாதது வேண்டும். மில்லில் கூட வேலை செய்கிற ஒருவர், தன் மைத்துனர் நாச்சிமுத்து தோண்டும் கிணற்றில் கிடைத்தது என்று ஒரு சில்லைக் கொடுத்தார். அதில் நான்கு முகங்கள் முழுசாக இருந்தன. அதற்குப் பிறகு எனக்குக் கணக்கில் மனம் ஓடவில்லை.

கொங்கு நாட்டுக் கற்களுக்காக ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்திருக்கிறார்கள் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அன்னூர் பஸ் கிடையாது. நமக்கு உண்டு. காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. ஏறக்குறைய இருபது மைல். எழுபத்தைந்து நயா பைசா.

டிக்கெட் கிழித்த கண்டக்டர் சுத்தியலைப் பார்த்தார்.

"ஏனுங்க, சுத்தியுங் கையுமா எந்தூருக் கெணத்துக்குங்க?"

சொன்னேன்.

"நாச்சிமுத்து கெணத்துக்குங்களா? பாவமுங்க அந்த மனுசன். நீங்க முன்னாடி வந்து உக்காருங்க."

டிரைவருக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. கிடைக்கிற மரியாதைக்குக் காரணம் கேட்பது என் வழக்கமில்லை.

அன்னூரில் இறங்கிக் கிழக்கே ஐந்து மைல். மாட்டுவண்டி கிடைத்தால் ஒரு ரூபாய், கிடைக்காவிட்டால் நடை. நான் நடந்தேன். கிணற்றைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. வெடி வைத்து எடுத்த கல்லெல்லாம் பக்கத்தில் ஒரு சிறு குன்றாக நின்றது. நேரே அதன் மேல் ஏறி, மண்டியிட்டு, கல்லைத் தட்டுவதும் உடைந்த பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பதுமாக இருந்தேன். நிமிர்ந்தபோது கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கைகட்டி நின்றார்கள்.

"தேங்காயில்லாமயே பாக்கறாரு பாருங்க" என்றார் ஒருவர் மெதுவாக.

"கோயமுத்தூருல இப்பெல்லாம் சுத்தியும் கண்ணாடியுந்தானாமா" என்றார் இன்னொருவர்.

அந்தப் பக்கத்தில் நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு உழவுக்காட்டில் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தோண்டுவார்கள். இந்தக் கிணற்றுக்கு ஏற்கெனவே இரண்டு தேங்காய்கள் எழுந்து நின்றிருந்தன. அறுபதடி ஆகியும் தண்ணீர் இல்லை.

"நீரோட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் கல் சேர்க்கிறவன்" என்றேன்.

"பெரியவங்க அப்பிடித்தானுங்க சொல்லுவாங்க" என்று நாச்சிமுத்து கும்பிட்டார். மூன்று முறை வேண்டாம் என்று சொன்னவருக்குத்தான் நான்காம் முறை இலை போடுகிற ஊர் அது. மறுப்பை அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நாச்சிமுத்துவுக்கு நாற்பது வயதிருக்கும். இன்னும் ஒரு வேட்டுக்குத்தான் அவரிடம் மருந்து இருந்தது.

"இதுக்கும் வரலீன்னா மூடிப்போட்டு, மச்சானாட்ட நானும் மில்லுக்கே வந்தர்றனுங்க."

"ஆமா, சங்கு ஊதுனா இவரு எந்திரிச்சுப் போவாரு!" என்றார் அவர் மனைவி மாராத்தாள். "மாடு காதுக்குள்ள வந்து கத்துனாலே பொரண்டு படுக்கற ஆளு."

கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார வைத்து என்னை இறக்கினார்கள். அடியில், மேற்குச் சுவரில், என் மார்பு உயரத்தில் அவை இருந்தன. கறுத்த பாறையில் நெல்லிக்காய் அளவில் நான்கு கார்னெட்டுகள். ஒன்றில் ஏழு முகங்கள் வெளியே தெரிந்தன. மீதி பாறைக்குள் எனக்காகக் காத்திருந்தன. அவற்றைச் சுற்றி, வெடிக்குழி போட வேண்டிய இடங்களை யாரோ சுண்ணாம்பால் குறித்திருந்தார்கள்.

உளி எடுக்க மேலே வந்தேன். வெறும் வயிற்றோடு மறுபடி இறங்கக் கூடாது என்று மாராத்தாள் இலை போட்டுவிட்டார். கம்பஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல், கட்டித் தயிர். இரண்டாம் கவளத்தில் வெடிக்காரர் பொன்னுசாமி வந்து நின்றார்.

"மேக்காலயே குழி போட்றட்டுங்களா?"

"மேற்கே வேண்டாம்!" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அப்ப எங்கீங்க?"

"கிழக்கே."

கிழக்குச் சுவரில் ஒன்றுமே இல்லை என்பதுதான் என்னிடமிருந்த ஒரே ஆதாரம். மேற்கே சிவப்புக் கல் இருக்கிறது என்று காரணமும் சொன்னேன். நாச்சிமுத்து திரும்பிக் கூட்டத்துக்கு விளக்கினார்: "செவப்புக்கல்லு இருக்கற பக்கம் தண்ணி இருக்காதாமா." எல்லோரும் தலையாட்டினார்கள். இப்படியொரு சாஸ்திரம் என் கண்ணெதிரே, என் சோறு ஆறுவதற்குள் பிறந்தது.

குழி போடும்போது வேறு ஆள் இறங்கக் கூடாது என்று பொன்னுசாமி தடுத்துவிட்டார். வேட்டு முடியட்டும், பிறகு நிதானமாகச் செதுக்கலாம் என்று இருந்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு வெடித்தது. புகை மெதுவாக ஏறியது. நாச்சிமுத்து விளிம்பில் குப்புறப் படுத்துக் காது கொடுத்தார்.

"ஏனுங்க, சத்தங் கேக்குதுங்களா?"

கேட்டது. கிழக்குச் சுவரிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை, அவர் முதுகு குலுங்கியது. காலையிலிருந்து ஓயாமல் பேசிய மாராத்தாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் பாத்துட்டே நிக்கறீங்களே, வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கத் தோணுச்சுங்களா?" என்று சத்தம் போட்டார்.

இருட்டுவதற்குள் மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

நான் வந்த காரியத்தை அப்போதுதான் நாச்சிமுத்து காதில் வாங்கினார். "அட, அதுக்கென்னுங்க! அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க, எறைச்சுக் குடுத்துப்போடறனுங்க." சொன்னபடியே செய்தார். நான் போனபோது தண்ணீர் இறைக்கிற கவலையில் இரண்டு ஜோடி மாடுகள் பூட்டியிருந்தன; தோல்பறி விடியலிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் காடு முழுவதும் நனைந்துவிட்டது. கிணற்றில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

"மன்னிச்சுப்போடுங்க. இப்பிடி வரும்னு நெனைக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து, மிகுந்த வருத்தத்தோடு.

எனக்குக் குறையொன்றுமில்லை. கல்மேட்டில் ஒன்பது முகம் உள்ள ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன். மேசை விளக்கின் முன்னால் வைத்தால் ஓரம் சிவந்து எரிகிறது. இரண்டு ஞாயிறு நல்ல சாப்பாடும் ஆயிற்று.

இதே வழியில் போக நினைப்பவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். கிணறு வெட்டும் காலம் அது. ஒரு மழை பெய்தபின் போனால் கல்மேடு கழுவிக் கிடக்கும், முகங்கள் தாமே மின்னும். படிகத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றியுள்ள பாறையோடு பெயர்த்துக் கழிவுப் பஞ்சில் சுற்றுங்கள். கண்டதைக் கண்ட உடனே எடுங்கள், சோறு பிறகு. சுத்தியல், எத்தனை துணி கிழிந்தாலும், பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மேற்குச் சுவரில் அந்த நான்கும் இப்போது தண்ணீர் மட்டத்துக்கு இருபதடி கீழே இருக்கின்றன. நாச்சிமுத்து இந்த வருஷம் கரும்பு போட்டிருக்கிறார்.