ரூஹியின் கண்ணாடியில் படிந்த உப்பு

எங்கள் ஆபீசில் காலையில் முதலில் கேட்பது ரூஹியின் புலம்பல்தான். காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூருக்குக் கடலோரமாக ஸ்கூட்டியில் வருவாள். வந்து சேர்வதற்குள் மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு. "இன்னா காத்துப்பா இது, கலீஜு" என்று துப்பட்டாவால் துடைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாள். நான் பக்கத்து நாற்காலிக்காரி. அவள்மேல் எனக்குப் பிரியம் அதிகம், அதனால் கேலியும் அதிகம்.

தண்டையார்பேட்டையில் பிறந்தவள். உலோகவியல் படிக்கப் போனபோது, "இரும்புக்கடை வெக்கப் போறியா?" என்று தெருவே கேட்டதாம். இப்போது அனல்மின் நிலையக் கொதிகலன் குழாய்களைக் கம்ப்யூட்டருக்குள் வேகவைக்கிறாள். நிலக்கரிச் சாம்பல் ஒட்டிய கலப்பு எஃகு அந்தச் சூட்டில் எவ்வளவு அரிக்கும், எப்போது மெலிந்து வெடிக்கும் என்று கணக்குப் போடுவாள். ஒரு நிலையத்துக்கு, "பொங்கல்வரை தாங்கும்" என்று எழுதிக் கொடுத்தாள். அதை நம்பி மராமத்தைத் தள்ளிவைத்தார்கள். அவள் தம்பி தௌசீஃப் ஷிப்டு பார்ப்பதும் அதே கொதிகலனில்தான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருநாள், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றேன்.

"உப்பை உட்டுட்டேன்டி."

சுரங்கத்து அறிக்கையில் இருந்த நிலக்கரியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கரியோ துறைமுகத்துப் பக்கம் திறந்தவெளியில் மாசக்கணக்கில் கடற்காற்று வாங்கிவிட்டுத்தான் உலைக்குப் போகிறது. உப்பு சேர்ந்தால் குழாயைக் காக்கும் மேல்படலம் உரிந்துபோகும், அரிப்பு தறிகெட்டு ஓடும். வெளியூர்க்காரியாக இருந்தால் முதல் நாளே உப்பைப் பற்றிக் கேட்டிருப்பாள். பிறந்ததிலிருந்து அதைத் துடைத்தே வளர்ந்தவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

உப்பைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். குழாய் தீபாவளியைக்கூடத் தாண்டவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. "வேற எதுனா காரணம் சொல்லி நிறுத்தச் சொல்லேன்" என்றேன். முறைத்தாள். நிலையத்து அதிகாரிக்குப் போன் போட்டு, "சார், நான் போட்ட கணக்கு தப்பு. கொதிகலனை நிறுத்துங்க" என்றாள். அவர் கத்திய கத்தல் என் நாற்காலிவரை கேட்டது. ஆனாலும் அவர் சரி என்னும்வரை இவள் விடவில்லை.

நிறுத்தினார்கள். ஆறவிட்டு வெட்டியெடுத்துப் பார்த்தால், குழாய் அப்பளமாக மெலிந்திருந்தது.

அன்று சாயங்காலம் தௌசீஃப் நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டான்.

"இன்னாக்கா, உன் கணக்கு தப்பாமே? பிளான்ட்டு பூரா அதான் பேச்சு."

"ஆமாண்டா, தப்புதான்."

"அத்த நீயே சொன்ன பாரு, அது போதும்க்கா. அந்தக் கொழாய்க்குக் கீழதான் நான் டெய்லி நிக்கிறேன்."

ரூஹி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தாள். இந்த முறை காற்றைத் திட்டவில்லை.